ஆர்னிகாவுக்கு எத்தனை இதழ்?

“ஆர்னிகா பூவில் எத்தனை இதழ்கள்?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். சின்னக் கேள்விதான். ஆனால் பதில் பூவுக்குள்ளே இருக்கிறது.

ஆல்ப்ஸ் போன்ற ஐரோப்பிய மலைகளில், சத்துக் குறைந்த அமில மண் புல்வெளிகளில் வளரும் செடி ஆர்னிகா மான்டானா. சூரியகாந்திக் குடும்பம் என்பதால் நாம் பூ என்று பார்ப்பது ஒரு சிரமஞ்சரி, அதாவது பல சின்னப் பூக்கள் நெருங்கி ஒரே பூப்போல் அமைந்த கொத்து. ஓரத்தில் இதழ் போல நீண்டிருக்கும் ஒவ்வொன்றும் தனிப் பெண் பூ. அதன் நுனியை லென்ஸில் பாருங்கள், மூன்று சிறு பற்கள் தெரியும். ஒட்டிப்போன மூன்று இதழ்களின் நுனிகள் அவை. நடுவில் நெருக்கியடித்து நிற்கும் குழல் பூக்களுக்கு ஐந்தைந்து இதழ்கள். ஆண், பெண் இரண்டு பாகமும் உண்டு.

எனக்கு அலுக்காத காட்சி இந்தக் குழல் பூக்களில்தான் நடக்கிறது. ஐந்து மகரந்தப்பைகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு ஒரு குழாயாக நிற்கின்றன. அவை வெடிப்பது உள்பக்கமாக. மகரந்தம் குழாய்க்குள்ளேயே கொட்டுகிறது. அப்போது அடியிலிருந்து பூவின் பெண் பாகமான சூலகத்தண்டு நீள்கிறது. அதன் இரு கிளைகளும் கைகூப்பியதுபோல் மூடியிருக்கும், வெளிப்புறத்தில் நுண்மயிர்கள். பாட்டில் கழுவும் பிரஷ்ஷைக் கீழிருந்து தள்ளுவது மாதிரி, குழாயிலுள்ள மஞ்சள் தூளையெல்லாம் வழித்துக்கொண்டு மேலே வருகிறது. தேனீயும் ஈயும் வந்து அள்ளிப் போகின்றன. அப்புறம்தான் கூப்பிய கைகள் விரிகின்றன. பிற செடியின் மகரந்தத்தை ஏற்கும் பரப்பு உள்ளங்கையில். சொந்த மகரந்தம் ஒட்டியிருந்தது புறங்கையில்! முதலில் கொடுத்த அதே உறுப்பு, பிறகு வாங்குகிறது. ஓரத்து வரிசை வாங்கத் தொடங்கும்போது உள் வரிசை இன்னும் கொடுத்துக்கொண்டிருக்கும்.

சரி, மருந்து விஷயம். இச்செடியிலுள்ள ஹெலனாலின் என்ற வேதிப்பொருள் அழற்சியைத் தணிக்கக்கூடியது, ஆனால் உட்கொண்டால் நஞ்சு. ஹோமியோபதியின் ‘30சி’ ஆர்னிகாவில் அதுவும் கிடையாது. நூறு மடங்கு நீர்த்தலை 30 முறை செய்தால், 1-க்குப் பின் 60 பூஜ்யம் போட்ட எண்ணில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஒரு மோல் அளவுப் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் என்று சொல்லும் அவோகாட்ரோ எண்ணோ 24 இலக்கம்தான். செடியின் மூலக்கூறு ஒன்றாவது மாத்திரையில் இருக்க வழியில்லை. இதை மருந்தென்று விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆர்னிகாவுக்கு ஆபத்து இரண்டு பக்கமிருந்து வருகிறது. காட்டுச் செடிகளிலிருந்து பூப் பறிப்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் உரம். உரம் போட்டால் புல் ஓங்கி, தரையோடு இலை விரித்திருக்கும் ஆர்னிகாவை மூடிவிடுகிறது. அந்தப் புல்வெளிகளை உரமில்லாமல் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும், அங்கே ஆண்டுதோறும் செடிகளை எண்ணும் தாவரவியலாளர்களுக்கும் அரசுகள் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.