ஸ்கேனர் டேட்டா: விற்ற விலைத் தரவு

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மளிகைக் கடை. துவரம்பருப்புப் பொட்டலத்தைக் கல்லாவில் வைத்ததும் கருப்புக் கோடுகள் மேல் சிவப்பு ஒளி ஓடுகிறது. 'பீப்'. என்ன பொருள், எத்தனை, என்ன விலை, என்றைக்கு என்பதெல்லாம் அந்த நொடியில் பதிவாகிவிடுகிறது. இந்தப் பதிவுகளின் திரட்டுதான் 'ஸ்கேனர் டேட்டா'. விலைவாசி உயர்வை அளக்க நெதர்லாந்து 2002 முதலும் ஆஸ்திரேலியா 2014 முதலும் இதைப் பயன்படுத்துகின்றன.

இதைத் தமிழில் என்னவென்று சொல்வது? 'ஸ்கேன்' சொல்லின் வேர் லத்தீனில் 'ஏறுதல்' என்று பொருள்படும் 'ஸ்கான்டெரே'. ஆங்கிலத்தில் அது முதலில் செய்யுளைச் சீர் பிரித்து அளப்பதைக் குறித்தது. நுணுகிப் பார்த்தல் என்ற பொருளும் கருவியும் பிறகு வந்தவை. நேர், நிரை என்று அசை பிரித்து அளப்பதை நம் யாப்பு 'அலகிடுதல்' என்கிறது. இரண்டு மொழியிலும் பாட்டை அளந்த வேலை ஒன்றே என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

கருவிக்கு 'வருடி' என்ற பெயர் நிலைத்துவிட்டது. மெல்லத் தடவுவது வருடுதல், அழகான சொல். ஆனால் 'வருடித் தரவு' என்றால் கருவிதான் தெரிகிறது, உள்ளே இருப்பது தெரியவில்லை.

உள்ளே இருப்பது விற்ற விலை. நம் நாட்டில் விலைவாசியை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டில், 2012-ஐ ஒப்பிடும் ஆண்டாகக் கொண்ட வரிசைக்கு 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் பணியாளர்கள் நேரில் போய் விலை கேட்டார்கள். கடைக்காரர் சொல்லும் விலை கிடைக்கும். அந்த விலைக்கு எத்தனை போனது என்பது கிடைக்காது. ஒரு சோப்பு 50 ரூபாய்க்கு 100, தள்ளுபடியில் 40 ரூபாய்க்கு 300 விற்றதாக வைத்துக்கொள்வோம். இரண்டு விலைக்கும் நடுவே 45 என்போம். மக்கள் கொடுத்த சராசரி 42.50. அதனால் 'விற்ற விலைத் தரவு' என்பதே பொருத்தம் என்பேன்.

ஒரு சிக்கல் உண்டு. பாக்கெட்டில் எடையைக் குறைத்துப் புதுக் கோடு போட்டால் கணினி அதை வேறு பொருளாக எடுத்துக்கொள்ளும். பழையதோடு இணைத்துக் கிராமுக்கு என்ன விலை என்று பார்த்தால்தான் மறைந்த ஏற்றம் பிடிபடும்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் முகூர்த்த நாளன்று மல்லிகை விலை மணிக்கு மணி மாறுகிறது. உதிரிப்பூவில் கோடு ஏது? அங்கே நோட்டோடு ஒருவர் நின்று, பேரம் முடியும்வரை காத்திருந்துதான் எழுத வேண்டும்.