விடைத்தாள் கட்டு: எதைக் கைமாற்றலாம், எதைக் கூடாது

ஐந்து வகுப்பு, வகுப்புக்கு 40 பேர். தாளுக்கு ஆறே நிமிடம் என்று வைத்தாலும் 200 தாளுக்கு 20 மணி நேரம். பாடம் நடத்துவது, அடுத்த நாளுக்குத் தயாராவது எல்லாம் போக மீதி நேரத்தில்தான் இது நடக்கிறது. முதல் தாளைத் திருத்திய கண் நூற்றைம்பதாவது தாளில் களைத்துப்போயிருக்கும். அந்தக் களைப்புக்கு விலை கொடுப்பவர் மாணவர். ஆசிரியருக்கு உதவி கட்டாயம் வேண்டும்; அது இன்னொரு ஆளாகவும் இருக்கலாம், கணினிக் கருவியாகவும் இருக்கலாம். எந்த வேலைக்கு என்பதில்தான் கவனம் தேவை.

தனியாகத் திருத்தினால்தான் நியாயம் என்பது உண்மையல்ல. 1912-இல் ஸ்டார்ச், எலியட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரே ஆங்கில விடைத்தாளைப் பல பள்ளி ஆசிரியர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். 100-க்குக் கிடைத்த மதிப்பெண்களில் மேலுக்கும் கீழுக்கும் 30-க்கு மேல் இடைவெளி. மொழிப்பாடம் என்பதால்தான் இப்படி என்று நினைத்தால், அடுத்த ஆண்டு வடிவியல் தாளில் இடைவெளி இன்னும் அகலமாக இருந்தது.

ஆகவே உதவியாளரை அழைக்கும் முன் விடைக்குறிப்பை எழுதுங்கள். ஐந்து மதிப்பெண் கணக்கென்றால் சூத்திரத்துக்கு 1, பிரதியிடலுக்கு 1, படிகளுக்கு 2, அலகுடன் விடைக்கு 1. முதல் படியில் செய்த கூட்டல் பிழை கடைசிவரை தொடர்ந்தால் ஒருமுறை மட்டுமே குறைக்க வேண்டும். இதை எழுதி வைக்காத இடத்தில்தான் பெரும்பாலும் சண்டை வருகிறது. பிறகு பத்துத் தாளை இருவரும் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்த இடத்தில் விடைக்குறிப்பைத் திருத்திவிட்டு, மீதித் தாள்களைப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

பெயரை மறைத்துவிடுங்கள். ஒரு மாணவரின் தாளை முழுதாக முடிக்காமல், எல்லாத் தாளிலும் முதல் கேள்வி, அப்புறம் இரண்டாவது என்று போங்கள். முதல் விடை நன்றாக இருந்தால் அடுத்ததற்கும் கை தாராளமாகிவிடும். கேள்வி வாரியாகப் போனால் அது குறையும்.

சரியான விடையைத் தெரிவு செய்யும் வினாக்கள், கூட்டல் சரிபார்ப்பு, பட்டியலில் ஏற்றுவது ஆகியவற்றைத் தயங்காமல் கொடுத்துவிடலாம். கட்டுரையை இயந்திரத்திடம் மட்டும் ஒப்படைக்காதீர்கள். 2014-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன், பொருளே இல்லாத கட்டுரைகளை உருவாக்கும் நிரலை வைத்துத் தானியங்கித் திருத்தும் மென்பொருளிடம் உயர்ந்த மதிப்பெண் வாங்கிக் காட்டினார். இன்றைய கருவிகள் வேறு வகை என்றாலும், வழக்கத்துக்கு மாறான வழியில் சரியாக யோசித்த பிள்ளையின் விடையை ஆசிரியர் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். பெயரும் பதிவெண்ணும் உள்ள தாளை எந்தக் கருவியிலும் ஏற்றவே வேண்டாம்.

மிச்சமாகும் நேரம், விடை எப்படி இருந்தது என்று மாணவருக்குத் தாளில் குறிப்பு எழுதுவதற்குப் போகட்டும். கல்வி உளவியலாளர் ரூத் பட்லரின் 1988 ஆய்வில், மதிப்பெண் இல்லாமல் குறிப்பு மட்டும் பெற்ற மாணவர்கள்தான் முன்னேறினார்கள். இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களிடம் அந்தப் பலன் காணவில்லை. அதனால் வகுப்புத் தேர்வில் முதல் நாள் குறிப்பு, இரண்டு நாள் கழித்து மதிப்பெண் என்று கொடுத்துப் பாருங்கள்.

கட்டு திரும்பி வந்ததும் பத்துக்கு ஒரு தாளை நீங்களே மறுபடி திருத்துங்கள். ஒரே கேள்வியில் திரும்பத் திரும்ப வித்தியாசம் தெரிந்தால் அந்தக் கேள்வியை மட்டும் கட்டு முழுக்க மறுபடி பார்க்க வேண்டும். எந்தக் கேள்வியில் எத்தனை பேர் என்ன தப்பு செய்தார்கள் என்று ஒரு சீட்டும் உதவியாளரிடம் கேட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டு இல்லையென்றால் நாளை எதை மறுபடி நடத்துவதென்று உங்களுக்குத் தெரியாது.