அமெச்சூர்: சொல் வந்த வழியும் தமிழில் நிகரான சொல்லும்

நம் ஊர்க் கபடிப் போட்டிகளின் சுவரொட்டிகள் பலவற்றில் ‘அமெச்சூர் கபடி கழகம்’ என்ற பெயரைப் பார்க்கலாம். அதே சுவரொட்டியில் முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று ரொக்கத் தொகையும் சுழற்கோப்பை வழங்குபவரின் படமும் இருக்கும். அமெச்சூர் என்றால் பணம் வாங்காமல் விளையாடுபவர் என்றே பொதுவாகப் பொருள் சொல்கிறோம். அப்படியானால் ரொக்கப் பரிசுக்கு மூச்சடக்கிப் பாடிப் போகும் நம் பிள்ளைகள் யார்? இதற்கு விடை தேடினால் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்குப் போக வேண்டியிருக்கிறது.

சொல்லின் வேர் இலத்தீன். ‘அமாரே’ என்றால் நேசித்தல். ‘அமாத்தோர்’ என்றால் நேசிப்பவர். அது பிரெஞ்சில் ‘அமத்தர்’ ஆகி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஓவியம், இசை போன்ற கலைகளில் பற்றுக்கொண்டவர் என்பதே அப்போதைய பொருள். அதில் பணம் பற்றிய பேச்சும் இல்லை, திறமைக் குறைவு என்ற குறிப்பும் இல்லை.

விளையாட்டுக் களத்துக்கு வந்ததும் இந்தச் சொல் வேலியாக மாறியது. 1866இல் லண்டனில் அமெச்சூர் தடகளக் கழகம் தொடங்கப்பட்டது. யார் அமெச்சூர் என்று அது ஒரு வரையறை எழுதியது. பரிசுப் பணத்துக்காகப் போட்டியிட்டவர் ஆகாது. பயிற்சி கொடுத்துப் பிழைத்தவர் ஆகாது. இதுவரை புரிகிறது. அதன் கடைசி நிபந்தனை, எந்திரத் தொழிலாளி, கைவினைஞர், கூலியாள் ஆகியோரும் அமெச்சூர் ஆக முடியாது என்றது. ஒரு காசுகூட வாங்காமல் ஓடினாலும், பகலில் பட்டறையில் சம்மட்டி பிடிப்பவன் அமெச்சூர் இல்லை! உடலுழைப்பால் தசை முறுக்கேறியவனோடு கனவான்கள் போட்டியிடுவது சமமாகாது என்று நியாயம் சொன்னார்கள். கூலிக்காரனிடம் தோற்கும் அவமானத்தைத் தவிர்ப்பதுதான் இதன் உள்நோக்கம் என்று நான் நினைக்கிறேன். தடகளத்தில் இந்த நிபந்தனை 1880இல் போய்விட்டது. படகுப் போட்டியில் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. தேம்ஸ் நதியில் நடக்கும் ஹென்லி போட்டி அதை 1937 வரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

1920இல் ஹென்லியின் டைமண்ட் ஸ்கல்ஸ் என்ற ஒற்றையர் படகுப் பந்தயத்துக்கு ஜான் கெல்லி என்ற அமெரிக்கர் விண்ணப்பித்தார். இளமையில் செங்கல் அடுக்கிய கொத்தனார் அவர். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவரது படகுக் கழகத்தின் மீது முன்பே இருந்த தடை ஒரு காரணம், கையால் உழைத்தவர் என்பது இன்னொரு காரணம். அந்த ஆண்டு டைமண்ட் ஸ்கல்ஸை வென்றவர் ஜாக் பெரெஸ்ஃபோர்ட். சில வாரங்களில் ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் அதே பெரெஸ்ஃபோர்டை முந்தித் தங்கம் வாங்கினார் கெல்லி. 1947இல் அவருடைய மகன் ஹென்லியிலேயே அந்தப் பந்தயத்தை வென்றார்.

கிரிக்கெட்டில் இந்தப் பிரிவினைக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். ‘ஜென்டில்மென்’ என்றால் அமெச்சூர்கள், ‘பிளேயர்ஸ்’ என்றால் கூலிக்கு ஆடுபவர்கள். 1806 முதல் 1962 வரை இரு தரப்பும் மோதும் ஆட்டங்கள் நடந்தன. உடை மாற்றும் அறை வேறு. பல மைதானங்களில் உள்ளே நுழையும் வாசலும் வேறு. ஸ்கோர் அட்டையில் கனவானுக்குத் தலைப்பெழுத்து முன்னால் வரும், தொழில்முறை ஆட்டக்காரருக்குப் பின்னால் வரும். 1950இல் லார்ட்ஸ் மைதானத்தில், தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவரின் பெயர் ‘எஃப். ஜே. டிட்மஸ்’ என்று அச்சாகியிருப்பதை ‘டிட்மஸ், எஃப். ஜே.’ என்று திருத்தி வாசிக்கவும் என ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தொழில்முறை ஆட்டக்காரரான லென் ஹட்டன் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கியது 1952இல்தான். எதிரணி இந்தியா. அந்த நூற்றாண்டில் அதுவரை அப்படி ஒருவர் இங்கிலாந்து டெஸ்ட் அணியின் தலைவராக இருந்ததில்லை.

இவ்வளவுக்கும் கனவான்கள் பணமே தொடாதவர்களா என்றால், அதுவும் இல்லை. இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிரிக்கெட் வீரர் டாக்டர் டபிள்யூ. ஜி. கிரேஸ் ஏட்டளவில் அமெச்சூர். 1891–92 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு அவர் பெற்றது 3,000 பவுன். செலவுத் தொகை என்று பெயரிட்டால் அது சம்பளம் ஆகாது. வடக்கு இங்கிலாந்தின் சுரங்கத் தொழிலாளிகளும் ஆலைத் தொழிலாளிகளும் ரக்பி ஆடப் போய் இழந்த சம்பளத்தைத்தான் ஈடுகேட்டார்கள். அது மறுக்கப்பட்டதால்தான் 1895இல் ஹடர்ஸ்ஃபீல்டில் வடக்குக் கழகங்கள் பிரிந்து போயின. ரக்பி லீக் என்ற தனி ஆட்டம் பிறந்த கதை இது.

இந்தச் சொல் செய்த கொடுமைகளில் என்னால் மறக்க முடியாதது ஜிம் தார்ப்புக்கு நேர்ந்தது. அமெரிக்கப் பழங்குடியினர், 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் (ஐந்து போட்டிகள்), டெகத்லான் (பத்து போட்டிகள்) இரண்டிலும் தங்கம் வென்றவர். 1909, 1910 கோடைக் காலங்களில் வடக்கு கரோலினாவில் சிறு தொகைக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்ற செய்தி 1913 ஜனவரியில் வெளிவந்தது. கல்லூரி மாணவர்கள் பலர் பொய்ப் பெயரில் இப்படி ஆடுவது வழக்கம். அவர் சொந்தப் பெயரில் ஆடியிருந்தார். ஆட்சேபணையைப் போட்டி முடிந்த 30 நாளுக்குள் எழுப்ப வேண்டும் என்பது விதி. அந்தக் கெடு எப்போதோ கடந்திருந்தும் பதக்கங்களைப் பறித்தார்கள். அதே பென்டத்லானில் அவரிடம் தோற்ற ஏவரி பிரண்டேஜ் பின்னாளில் 20 ஆண்டுகள் சர்வதேச ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்தும் மனம் இரங்கவில்லை. தார்ப் 1953இல் இறந்தார். 1982இல் ‘இணை வெற்றியாளர்’ என்று சேர்த்தார்கள். அவரே தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு ஒப்புக்கொண்டது 2022இல்.

இத்தனைக்கும் பண்டைய கிரேக்கத்தைத்தான் முன்னுதாரணமாகக் காட்டினார்கள். கிரேக்கத்தில் ‘அத்லான்’ என்றால் பரிசு. பரிசுக்குப் போட்டியிடுபவரே அத்லெட். ஒலிம்பியாவில் கொடுத்தது இலைமுடிதான். ஆனால் வென்று ஊர் திரும்பிய ஏதென்ஸ் வீரனுக்கு 500 திராக்மா (வெள்ளிக்காசு) கொடுக்க ஏதென்ஸின் சட்டமியற்றியவரான சோலோன் சட்டம் போட்டதாகப் பண்டைய எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். பணம் தீட்டு என்பது விக்டோரியா காலத்துக் கற்பனை. 1968இல் டென்னிஸின் பெரிய போட்டிகள் தொழில்முறை வீரர்களுக்கும் திறந்துவிடப்பட்டன. 1974இல் ஒலிம்பிக் விதி தளர்ந்தது. 1992 பார்சிலோனாவில் கோடீஸ்வரக் கூடைப்பந்து வீரர்கள் ஆடினார்கள்.

தமிழுக்கு இந்தச் சொல் நாடகத்தோடும் வந்தது. 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவினார். வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் மேடையேறினார்கள். தொழில்முறை நடிகர்களைக் ‘கூத்தாடி’ என்று இழிவாகப் பேசிய காலம் அது. ஆகவே அமெச்சூர் என்ற அடையாளம் இங்கேயும் கௌரவத்தின் எல்லைக்கோடாகவே இருந்தது. இந்தத் துறையில் ‘பயில்முறை நாடகம்’ என்ற நல்ல சொல் நிலைத்துவிட்டது.

விளையாட்டில் அப்படி ஒரு சொல் உறுதிப்படவில்லை. ‘தொழில்முறை சாராத வீரர்’ என்பது பொருள் பிழையில்லாதது. ஆனால் ஒருவர் எது இல்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. ‘கற்றுக்குட்டி’ திறமைக் குறைவைச் சொல்வது. அதை இங்கே கொண்டுவருவது தவறு. ‘தன்னார்வ வீரர்’ என்றால் தொண்டு செய்பவர் நினைவுக்கு வருகிறார். எனக்குச் சரியாகப் படுவது ‘ஆர்வலர்’. ‘அன்பிற்கும் உண்டோ அடைக்குந்தாழ் ஆர்வலர் / புன்கணீர் பூசல் தரும்’ என்ற குறளில் ஆர்வலர் என்றால் அன்புடையவர். இலத்தீன் அமாத்தோரும் அதே பொருள்தான். இன்று அந்தச் சொல் ரசிகர், பார்வையாளர் பக்கம் சாய்ந்திருப்பதால் ‘ஆர்வல ஆட்டக்காரர்’, ‘ஆர்வல வீரர்’ என்று சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. எதிர்ச்சொல்லாகத் ‘தொழில்முறை வீரர்’ ஏற்கெனவே வழக்கில் இருக்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம் என்பேன். 1866 விதியையோ ஜென்டில்மென் ஆட்டங்களையோ எழுதும்போது ‘அமெச்சூர்’ என்றே எழுதுங்கள். அங்கே அது அன்பைக் குறிக்கவில்லை, ஒரு வர்க்கத்தைக் குறிக்கிறது. ஆர்வலர் என்று பெயர்த்தால், வெளியே நிறுத்தப்பட்ட கொத்தனாருக்கும் சுரங்கத் தொழிலாளிக்கும் ஆர்வம் இல்லை என்று நாமே எழுதியதாகிவிடும்.