அடித்த கை அணைக்கும்போது மூளையில் என்ன நடக்கிறது?

போன வாரம் சென்னை டி.எச். ரோட்டில், ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பள்ளி மாணவிகள். அகஸ்தியா ஸ்டாப்பில் ஏறினார்கள். கல்மண்டபம் வருவதற்குள் ஒருத்தியின் போன் ஏழு முறை அதிர்ந்தது. ஒவ்வொரு முறையும் ஆட்டோவுக்குள் ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது தெரியும்படி. பிறகு தோழியிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்: "ரொம்ப பொசசிவ்டி அவன்."

அந்தப் பெருமைதான் என்னை உறுத்துகிறது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்று சொல்லித்தானே வளர்க்கிறோம்? அம்மாவின் கைக்குச் சொன்னது, பதினாறு வயதில் காதலன் கைக்கும் பொருந்திவிடுகிறது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், சொல்லாமல் வெளியே போவது, எதிர்த்துப் பேசுவது, சரியாகச் சமைக்காதது என்று ஏழு காரணங்களைச் சொல்லி, இதற்கெல்லாம் கணவன் அடிப்பது நியாயமா என்று கேட்டார்கள். ஒரு காரணத்துக்காவது நியாயம்தான் என்று சொன்ன பெண்கள் நாடு முழுக்க 100க்கு 45 பேர்.

சரி, நம்பிக்கை வீட்டிலிருந்து வருகிறது. வலித்த பிறகும் விட முடியாமல் இழுப்பது எது?

1974இல் டொனால்ட் டட்டன், ஆர்தர் ஆரன் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவில் ஒரு சோதனை செய்தார்கள். 70 மீட்டர் உயரத்தில் ஆடும் தொங்கு பாலத்தில் வந்த ஆண்களிடம் ஓர் இளம்பெண் சில கேள்விகள் கேட்டுவிட்டுத் தன் போன் நம்பரைக் கொடுத்தார். ஆடாத பாலத்தில் வந்தவர்களைவிட, இவர்களில் அதிகம் பேர் பிறகு அவருக்கு போன் செய்தார்கள். பயத்தில் அடித்துக்கொண்ட நெஞ்சை ஈர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். ப்ளூ டிக் விழுந்தும் பதில் வராத ராத்திரியில் வரும் படபடப்புக்கும் காதல் என்றே பெயர் வைத்துவிடுகிறோம்.

அடுத்தது, காசிமேட்டுப் பாறைகளில் தூண்டில் போடும் பையன்களைப் பார்த்தால் புரியும். ஒவ்வொரு வீச்சுக்கும் மீன் மாட்டிக்கொண்டே இருந்தால், மாட்டாத அன்று சீக்கிரமே எழுந்து போய்விடுவார்கள். எப்போது மாட்டும் என்று தெரியாததால்தான் இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். பி.எஃப். ஸ்கின்னர் என்ற உளவியலாளர் புறாக்களிடம் கண்டதும் இதுதான். கொத்தும்போதெல்லாம் தீனி கிடைத்த புறா, தீனி நின்றதும் சீக்கிரம் ஓய்ந்துவிட்டது. எப்போதாவது மட்டும் கிடைத்த புறா, தீனி நின்ற பிறகும் விடாமல் கொத்தியது.

மூன்று நாள் திட்டு, ஓர் அறை. நாலாம் நாள் டியூஷன் வாசலில் சாக்லேட், கண்ணீர், 'உன்ன விட்டா எனக்கு யாரு இருக்கா'. பயம் சட்டென்று இறங்குகிறதே, அந்த நிம்மதி பெரியது. அதைத் தருபவனும் அடித்தவனே என்பதால் பிடிப்பு இன்னும் இறுகுகிறது. அதே டட்டன், சூசன் பெயின்டருடன் சேர்ந்து 1981இல் இந்த உறவுக்கட்டு எப்படி விழுகிறது என்பதைத்தான் விளக்கினார். இருவரில் ஒருவரிடம் அதிகாரம் கூடுதலாக இருக்க வேண்டும், கொடுமையும் அன்பும் மாறி மாறி வர வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கட்டு விழும். பையன்களும் இதில் மாட்டிக்கொள்வதுண்டு.

பதின்வயதில் இது இன்னும் வேகமாக நடக்கும். மூளையில் பரிசைத் தேடும் பகுதி அப்போதே முழு வேகத்தில் இருக்கிறது. நிதானித்து எடைபோடும் முன்பகுதி முதிர இருபத்தைந்து வயதுவரைகூட ஆகலாம். முதல் காதல் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வேறொன்று இல்லை.

இதைவிட என்னை வருத்துவது வீட்டுப் பயம். தெரிந்தால் போனைப் பிடுங்குவார்கள், படிப்பை நிறுத்துவார்கள், மாப்பிள்ளை பார்ப்பார்கள். அதனால் அவள் யாரிடமும் சொல்வதில்லை. கடைசியில், அவன் அடித்ததைச் சொல்லி அழவும் அவன் ஒருவன்தான் மிஞ்சுகிறான்.

ஊடல் வேறு, இது வேறு. ஊடலில் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், இரண்டு பேரும் இறங்கி வரலாம். 'இன்னைக்கு வரலை' என்று அவனிடம் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தால் அது ஊடல் இல்லை.

உங்கள் பிள்ளை இப்படி ஒன்றைச் சொன்னால், அன்றைக்குப் போனைப் பிடுங்காதீர்கள். 'அவனை விட்டுடு' என்று உடனே ஆரம்பிக்கவும் வேண்டாம். அந்தக் கட்டு ஒரே நாளில் அவிழாது. முழுக்கக் கேளுங்கள். வீட்டில் சொல்லவே முடியாத பிள்ளைக்கு 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்கள் ராத்திரி பகல் எந்நேரமும் காசில்லாமல் கூப்பிடலாம்.