ஹாலோவீன், சௌவின்: சொல்லும் அதன் வேரும்

அக்டோபர் 31 நெருங்கும்போதெல்லாம் நம் நாளிதழ்கள் ஹாலோவீனைப் ‘பேய்த் திருவிழா’ என்றோ ‘பேய்கள் தினம்’ என்றோ எழுதிவிடுகின்றன. முகமூடியும் குடைந்த பரங்கிக்காயும் படத்தில் இருப்பதால் அந்தப் பெயர் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆயினும் ஹாலோவீன் என்னும் சொல்லில் பேயைக் குறிக்கும் கூறு எதுவும் இல்லை. அது முழுக்க முழுக்கத் தேவாலயத்தில் பிறந்த சொல். அந்த இரவுக்கு அடியில் கிறித்தவத்துக்கு முந்திய ஒரு திருநாள் கிடப்பது உண்மையே. சௌவின் என்னும் அதன் பெயரும் வேறு, மொழியும் வேறு. இரண்டையும் தனித்தனியே பார்த்த பிறகுதான் தமிழில் எதை எப்படிச் சொல்வது என்று முடிவு செய்ய இயலும்.

பழைய ஆங்கிலத்தில் ‘ஹால்கா’ என்பது புனிதரைக் குறித்த சொல். அதிலிருந்து வந்த ‘ஹாலோ’ என்னும் வடிவத்தைக் கொண்டு, புனிதர் அனைவரையும் நினைவுகூரும் நவம்பர் 1ஐ ‘ஆல் ஹாலோஸ்’ என்றும், அதற்கு முந்திய மாலையை ‘ஆல் ஹாலோஸ் ஈவன்’ என்றும் வழங்கினர். ஸ்காட்லாந்துப் பேச்சில் ‘ஈவன்’ என்பதன் இடையிலுள்ள வகர ஒலி தேய்ந்து ‘ஈன்’ ஆயிற்று, முன்னிருந்த ‘ஆல்’ உதிர்ந்தது, எஞ்சியது ஹாலோவீன். ராபர்ட் பர்ன்ஸ் 1785இல் இந்த இரவைப் பற்றிப் பாடிய நெடுங்கவிதைக்கு இதுவே தலைப்பு. பெருவிழா அதற்கு முந்திய மாலையிலேயே தொடங்கிவிடும் என்பது பழைய வழிபாட்டு மரபு. நம்மூர்க் கத்தோலிக்கர் ஈஸ்டருக்கு முந்திய இரவைப் ‘பாஸ்கா திருவிழிப்பு’ என்று சொல்லும்போது அந்த மரபைத்தான் சொல்கிறார்கள்.

அயர்லாந்துக்காரர் தம் சொந்த மொழியில் இந்த இரவை ஹாலோவீன் என்று சொல்வதில்லை. ‘ஈஹ ஹௌனா’ என்பார்கள். சௌவின் இரவு என்பது அதன் பொருள். ஐரிய எழுத்துமுறையில் மகரத்தை அடுத்து ஹகரம் வந்தால் அது வகரத்தை ஒட்டிய ஒலியாகிவிடும். இதை அறியாமல் ஆங்கில எழுத்துகளை அப்படியே கூட்டிப் படித்துச் ‘சம்ஹைன்’ என்று எழுதுவோர் தமிழில் மட்டுமின்றி ஆங்கிலத்திலும் உண்டு. சௌவின் என்று எழுதினால் மூல ஒலிக்கு அருகில் வரும். இன்றைய ஐரிய மொழியில் நவம்பர் மாதத்துக்கும் அதுவே பெயர். செப்டம்பரின் பெயருக்கு ‘அறுவடையின் நடு’ என்றும், அக்டோபரின் பெயருக்கு ‘அறுவடையின் கடைசி’ என்றும் பொருள். ஆகவே அந்த மக்களின் கணக்கில் அக்டோபர் முடியும் இரவோடு இலையுதிர்காலம் முடிந்து, மறுநாள் குளிர்காலம் பிறக்கிறது. வேல்சு மக்கள் நவம்பர் 1ஐக் ‘கலான் கயாவ்’, அதாவது குளிர்காலத்தின் முதல் நாள், என்றே அழைக்கிறார்கள்.

சௌவின் என்ற சொல்லுக்கு இடைக்கால ஐரியப் புலவர்களே ஒரு விளக்கம் சொல்லிவைத்தார்கள். ‘சம்’ என்றால் கோடை, ‘ஃபுயின்’ என்றால் முடிவு. ஆகவே கோடையின் முடிவு. கேட்பதற்கு அழகாக இருக்கிறது. எல்லாப் புத்தகங்களிலும் இதுவே எடுத்தாளப்படுகிறது. ஆனால் ஒலியொப்புமையை வைத்துப் பின்னாளில் கட்டிய விளக்கம் இது என்று மொழியியலார் ஐயுறுகின்றனர். ஐயத்துக்கு நல்ல காரணமும் உண்டு: பழைய ஐரிய மொழியில் மே முதல் நாளுக்கு ‘கேதமின்’ என்று பெயர், அது ‘முதல்’ என்னும் சொல்லோடு இதே சௌவின் சேர்ந்து உருவானது என்று கருதப்படுகிறது. கோடை பிறக்கும் நாளை எவரும் ‘முதல் கோடை முடிவு’ என்று அழைத்திருக்க மாட்டார்கள். ஆகையால் ‘கூடுகை’ என்னும் பொருளுடைய வேர் ஒன்றை முன்வைப்போரும் உண்டு. கோடையைக் குறிக்கும் ‘சம்’ என்னும் வேரைப் பொறுத்தவரை குழப்பம் இல்லை. ஆங்கிலத்தின் ‘சம்மர்’, வடமொழியில் ஆண்டைக் குறிக்கும் ‘சமா’ ஆகியவை அதற்கு உறவு.

இந்தப் பெயரின் பழமைக்குச் சான்றாக ஒரு செப்பேடு காட்டப்படுவதுண்டு. உண்மையில் அது வெண்கலத் தகடு. 1897இல் பிரான்சின் கொலிஞி என்ற ஊரில் துண்டு துண்டாகக் கிடைத்த அந்த நாட்காட்டி, கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அன்று பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த ‘கால்’ (Gaul) மக்களின் மொழியில் இலத்தீன் எழுத்துகளால் பொறிக்கப்பட்டது. அதில் ‘சமோனியோஸ்’ என்றொரு மாதமும், அம்மாதத்தில் ‘சமோனியோசின் மூன்று இரவுகள்’ என்று கொள்ளத்தக்க ஒரு குறிப்பும் உள்ளன. சௌவினோடு பெயரளவில் நெருங்கிய உறவு இருப்பது தெளிவு. ஆனால் அந்த மாதம் குளிர்காலத்தின் தொடக்கத்தில் வந்ததா, கோடையின் தொடக்கத்தில் வந்ததா என்பதில் அறிஞரிடையே உடன்பாடு இல்லை. ஒரு நாளின் கணக்கை இரவிலிருந்து தொடங்கும் வழக்கம் மட்டும் உறுதிப்பட்டது. கால் மக்கள் காலத்தைப் பகல்களால் எண்ணாமல் இரவுகளால் எண்ணினார்கள் என்று யூலியசு சீசரும் எழுதியிருக்கிறார். அக்டோபர் 31 இரவு நவம்பர் 1இன் முற்பாதியாகக் கொள்ளப்பட்டது அப்படித்தான்.

சௌவினின் அடிப்படை கால்நடை வளர்ப்பு. ஐரியர்கள் மே முதல் நாளில் மாடுகளை மேட்டுநிலப் புல்வெளிகளுக்கு ஓட்டிச் செல்வார்கள். நவம்பர் பிறக்கும்போது கீழே இறக்குவார்கள். குளிர்காலம் முழுவதும் தீனி போட்டுக் காப்பாற்ற இயலாதவற்றை அப்போதே அறுத்துவிடுவார்கள். இறைச்சி மிகுந்திருக்கும் அந்த நாள்களில் அரசர்கள் குடிகளைக் கூட்டி விருந்து வைத்தார்கள். அயர்லாந்தின் வடபகுதியான அல்சுட்டரின் வீரர்கள் சௌவினுக்கு முன் மூன்று நாளும் பின் மூன்று நாளும் விழா எடுத்ததாக ஒரு பழங்கதை சொல்கிறது. குடியும் விளையாட்டும் வழக்குத் தீர்ப்பும் ஒரே கூட்டத்தில் நடந்த காலம் அது.

அச்சம் எங்கிருந்து வந்தது என்பதற்கு நேரா என்பவனின் கதையைப் பார்க்க வேண்டும். 1400ஐ ஒட்டி எழுதப்பட்ட ஏட்டுத் தொகுப்பொன்றில் இக்கதை உள்ளது. கதை அதைவிடப் பழையது. கனாக்ட் நாட்டின் அரசன் அலிலும் அரசி மேவும் குருவஹன் கோட்டையில் சௌவின் இரவில் விருந்தில் இருக்கிறார்கள். முதல் நாள் தூக்கிலிட்ட கைதிகள் வெளியே தொங்குகிறார்கள். அவர்களில் ஒருவனின் காலில் மிலாறு (இளங்கிளை) வளையம் ஒன்றை மாட்டிவிட்டு வருபவனுக்குப் பரிசு என்கிறான் அரசன். பலர் போய், இருட்டுக்கு அஞ்சித் திரும்புகிறார்கள், நேரா போகிறான். வளையம் மூன்று முறை நழுவி விழுகிறது. தூக்கில் தொங்குபவனே, ஒரு முளையைச் செருகு என்று வழி சொல்லிக்கொடுக்கிறான். பிறகு, தாகத்தோடு என்னைத் தூக்கிலிட்டார்கள், குடிக்க ஏதேனும் கிடைக்கும் இடத்துக்குச் சுமந்து போ என்கிறான்.

நேரா அவனை முதுகில் தூக்கிக்கொண்டு போகிறான். முதல் வீட்டைச் சுற்றி நெருப்பு வளையம்; அங்கே அடுப்பை ஒழுங்காக மூடிவிட்டு உறங்கியிருக்கிறார்கள் என்பதால் நுழைய இயலவில்லை. இரண்டாம் வீட்டைச் சுற்றி நீர் வளையம்; கழுவிய தண்ணீரை இரவில் வீட்டுக்குள் வைத்திராதவர்கள் அவர்கள். மூன்றாம் வீட்டில் குளித்த நீரும் கழுவிய நீரும் தொட்டிகளில் அப்படியே நிற்கின்றன. பிணம் உள்ளே போய்க் குடித்து, கடைசி மடக்கை அங்கு உறங்குவோர் முகத்தில் உமிழ, அவர்கள் அத்தனை பேரும் இறந்துபோகிறார்கள். ஆகவே அடுப்பை மூடாமலும் கழிவுநீரைக் கொட்டாமலும் உறங்கக் கூடாது என்று கதையே அறிவுறுத்துகிறது. அமானுடக் கதைக்குள் இத்தனை கறாரான வீட்டு ஒழுங்கு நுழைந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும். பிறகு நேரா ஒரு குகை வழியாகச் ‘ஷீ’ எனப்படும் மேட்டுக்குள், அமானுடர் வாழும் உலகத்துக்குப் போகிறான். அங்கிருந்து வந்ததற்கு அடையாளமாகக் காட்டுப்பூண்டையும் பிரிம்ரோஸ் பூவையும், குளிர்காலத்தில் கோடையின் விளைச்சலை, கையில் கொண்டு வெளிவருகிறான். அந்தக் குகை இன்றும் ராஸ்காமன் மாவட்டத்தில் இருக்கிறது. பூனைகளின் குகை என்று பெயர். குறுகிய வாசலின் மேல்கல்லில் பழைய ஐரிய எழுத்தான ஓகம் எழுத்துகள் வெட்டப்பட்டிருக்கின்றன.

கதையில் நடமாடும் பிணம் ஒன்று உண்டு. ஆனால் அது வீட்டாரின் முன்னோர் அன்று, அதற்கு எவரும் படையல் வைக்கவும் இல்லை. சௌவின் இரவில் மேடுகள் திறந்து அமானுடர் வெளிவருவதைப் பழங்கதைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. இறந்தோர்க்கு வழிபாடு செய்யும் நாளாக அதைக் காட்டும் தெளிவான பழஞ்சான்று அவற்றில் இல்லை. இந்தக் கதைகளை ஏட்டில் ஏற்றியவர்களும் கிறித்தவர்கள்தாம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. சௌவினைக் கெல்ட்டியரின், அதாவது ஐரியர், வேல்சு மக்கள், கால் மக்கள் ஆகியோரை உள்ளடக்கிய மொழிக்குடும்பத்தாரின், புத்தாண்டு என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாதிட்டவர் வேல்சு மொழியறிஞர் ஜான் ரீஸ். இறந்தோரின் திருநாள் என்பதையும் சேர்த்துப் பரப்பியவர் மானிடவியலார் ஜேம்ஸ் ஃபிரேசர். பிந்தியவர், நவம்பர் தொடக்கத்தில் தேவாலயம் இறந்தோர்க்கு நாள் வகுத்திருப்பதைக் கண்டு, அதற்கு அடியில் பழைய வழிபாடு இருந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கி ஊகித்தார். சௌவின் என்பது ஒரு சாவுத் தெய்வத்தின் பெயர் என்று இன்றும் சிலர் எழுதுவதற்கோ எந்த அடிப்படையும் கிடையாது.

தேவாலயத்தின் நாள்கணக்கும் நேர்கோடாக வரவில்லை. போப் நான்காம் போனிபாசு உரோமையின் பாந்தியன் கோவிலை மரியாளுக்கும் மறைசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தது, 609ஐ ஒட்டி, ஒரு மே 13இல். உரோமையர் தம் வீட்டில் திரியும் ஆவிகளுக்கு அவரையினப் பருப்பை எறிந்து விரட்டிய ‘லெமூரியா’ நோன்பின் கடைசி நாளும் மே 13 என்பதைச் சிலர் சுட்டுவதுண்டு. நவம்பர் 1 என்ற நாள் கி.பி. 800 அளவில் இங்கிலாந்தின் வடபகுதியிலும் ஜெர்மானிய நாடுகளிலும் தலைகாட்டுகிறது. 835இல் பிராங்கியப் பேரரசர் பக்திமான் லூயி அதைத் தம் நாடு முழுவதற்கும் பொதுவாக்கினார். அதே 800ஐ ஒட்டிய அயர்லாந்துத் திருநாள் பட்டியல்களிலோ புனிதர் அனைவருக்கும் உரிய நாள் ஏப்ரல் 20. சௌவினை மறைப்பதற்காகத் தேவாலயம் நவம்பர் 1ஐத் தேர்ந்தது என்றால், சௌவினைக் கொண்டாடிய நாட்டிலேயே அந்த நாள் ஏன் இல்லை? வரலாற்றாசிரியர் ரொனால்டு ஹட்டன் எழுப்பும் இந்தக் கேள்விக்கு நேரான விடை கிடைக்கவில்லை. அவர் பக்கமே வலுவுள்ளதாக எனக்குப் படுகிறது. இறந்தோர் இந்த நாள்களோடு சேர்ந்தது அதற்கும் பிறகு. பிரான்சின் குளூனி மடத்துத் தலைவர் ஓதிலோ, 998ஐ ஒட்டி, இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் மன்றாடும் நாளாக நவம்பர் 2ஐ வகுத்தார். அயர்லாந்தில் இறந்தவர்களுக்காகக் கதவைத் தாழிடாமல், அடுப்பில் தணலும் பக்கத்தில் தண்ணீரும் வைத்துவிட்டு உறங்கும் வழக்கம் பெரிதும் இந்த நவம்பர் 2ஐ ஒட்டியதே.

பிற வழக்கங்களைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. விளக்கு வைக்க முதலில் குடைந்தது டர்னிப் கிழங்கை. டோனகால் பகுதியின் ஃபின்டவுனிலிருந்து வந்த அத்தகைய விளக்கொன்றின் அச்சு வார்ப்பு அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளது, பரங்கிக்காயைவிடப் பன்மடங்கு கொடூரமான முகத்தோடு. 1840களின் பஞ்சத்தில் அமெரிக்கா போன ஐரியர்களுக்கு அங்கே எளிதாகக் குடையத்தக்க பரங்கி கிடைத்தது.

இனித் தமிழ். நவம்பர் 1க்குத் தமிழ்க் கத்தோலிக்கரிடம் ‘புனிதர் அனைவர் பெருவிழா’ என்ற பெயர் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. நவம்பர் 2ஐ வழிபாட்டு நூல்கள் ‘இறந்த விசுவாசிகள் அனைவரின் நினைவு’ என்றாலும், கல்லறைகளைக் கழுவி வெள்ளையடித்து மாலையிட்டு மெழுகுத்திரி ஏற்றும் மக்கள் அதைக் ‘கல்லறைத் திருநாள்’ என்றுதான் சொல்கிறார்கள். அதைவிட நல்ல சொல்லை எவரும் ஆக்கிவிட முடியாது. ‘நீத்தார் நாள்’ என்று புதிதாக ஆக்குவோர், குறளில் ‘நீத்தார் பெருமை’ துறவிகளைப் பற்றியது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். ஆகவே ஹாலோவீனுக்குப் பொருள் வழுவாத தமிழ் ‘புனிதர் திருநாள் முன்மாலை’. வழிபாட்டுச் சூழலில் ‘புனிதர் அனைவர் திருவிழிப்பு’ என்பது பொருந்தும். மிட்டாய் கேட்டுக் கதவு தட்டும் பிள்ளைகளின் இன்றைய கொண்டாட்டத்தைச் சொல்லும்போது ஹாலோவீன் என்று, அல்லது கிரந்தம் தவிர்ப்போர் ஆலோவீன் என்று, ஒலிபெயர்த்து எழுதுவதே நேர்மை. சௌவின் ஒரு மக்களின் விழாப்பெயர். பொங்கலைப் போல அதையும் பெயர்க்காமல் விட வேண்டும். முதன்முறை வரும் இடத்தில் ‘ஐரியரின் குளிர்காலப் பிறப்புத் திருநாள்’ என்று ஒரு விளக்கம் கொடுத்தால் போதும்.

எஞ்சுவது, இத்தகைய பழந்திருநாள்களுக்கு ஆங்கிலத்தில் அடைமொழியாக வரும் ‘பேகன்’ என்னும் சொல். இலத்தீனில் ‘பாகானுஸ்’ என்றால் நாட்டுப்புறத்தான். கிறித்தவர்கள் அதைத் தம் சமயத்தைச் சேராதவரைக் குறிக்கும் ஏளனப் பெயராக்கினார்கள். பழைய தமிழ்க் கிறித்தவ நூல்கள் இத்தகையோரை ‘அஞ்ஞானிகள்’ என்றன. அந்த ஏளனத்தை இன்று நாம் சுமக்க வேண்டியதில்லை. ஒலிபெயர்த்தால், ‘பேகன் திருநாள்’ என்று படிக்கும் தமிழர்க்கு மயிலுக்குப் போர்வை தந்த வள்ளல் நினைவுக்கு வருவார். மூல ஒலியை ஒட்டிப் ‘பாகன்’ என்றால் யானை வந்து நிற்கும். ‘கிறித்தவத்துக்கு முந்திய’ என்று நீட்டி எழுதுவதால் வரி சற்றே கனக்கும், அவ்வளவுதான்.