மூட்டைப்பூச்சி என்று அழைத்தார்கள்

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால், பூச்சி ஒழிப்புத் தொழிலில் இருக்கும் எனக்கு வருகிற அழைப்புகளில் பாதி, "மூட்டைப்பூச்சி வந்துவிட்டது தம்பி" என்றுதான் தொடங்கும்.

சென்ற ஆண்டு வேளச்சேரியில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இரண்டு மெத்தைகளைத் தெருவில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார். அதற்குள் இரண்டு முறை மருந்தும் அடித்தாயிற்று. புத்தக அலமாரியில், பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவே தவிட்டுத்தூள் போல ஏதோ ஓடியது. ஒன்றை செல்லோடேப்பில் ஒட்டியெடுத்துப் பத்து மடங்கு லென்ஸில் பார்த்தேன். நீளம் ஒரு மில்லிமீட்டர். சிறகில்லை. வெளிர்பழுப்பான தட்டை உடல், நூல் போன்ற உணர்கொம்புகள், புடைத்த முகம், பருத்த பின்தொடைகள். சந்தேகமே இல்லை, புத்தகப் பேன்.

மூட்டைப்பூச்சிக் குஞ்சும் வெளிறித்தான் இருக்கும். ஆனால் அதற்கு இரத்தம் உறிஞ்சும் ஊசிவாய் உண்டு. இதற்கு இருப்பது மெல்லும் வாய். நம்மைக் கடித்து இரத்தம் குடிக்காது. பூஞ்சணம், பைண்டிங் பசை, மாவுத்தூசிதான் இதன் சாப்பாடு. ஏடுகளை அரித்துத் தின்கிற ராமபாணப் பூச்சி வேறு. பழியை மட்டும் இது சுமக்கிறது.

அலமாரிக்குப் பின்சுவர் குளியலறைச் சுவர். ஈரப்பதமானி 80 சதவீதம் காட்டியது. காற்றிலிருக்கும் ஈரத்தையே வாயுறுப்பால் இழுத்துக்கொண்டு வாழும் பூச்சி இது. ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே சில வாரங்கள் நிறுத்தினால் வற்றிச் செத்துப்போகும். மருந்தை மட்டும் நம்பினால் நடக்காது. வீடுகளில் அதிகம் காணப்படும் லிப்போசெலிஸ் போஸ்ட்ரிகோஃபிலா என்ற இனத்தில் பெண்கள் ஆணில்லாமலே முட்டையிடும். தப்பிய ஒன்று போதும். குழாய்க் கசிவை அடைக்கச் சொன்னேன். அலமாரியைச் சுவரைவிட்டு அரை அடி தள்ளி, மின்விசிறியை ஓடவிட்டோம். மாதம் திரும்புவதற்குள் அடங்கிவிட்டது.

இதன் உறவான, தோட்டத்து மரப்பட்டைப் பேனுக்கு இந்தப் பாடுகூட வேண்டாம். சிறகைக் கூரை போல மடித்துக்கொண்டு, ஆட்டு மந்தை போல அடிமரத்தில் கூட்டமாக நகரும். சில இனங்கள் மரத்தையே மெல்லிய நூலாம்படையால் போர்த்திவிடும். பாசியும் பூஞ்சையும், நாம் பிரியாணியில் போடும் கல்பாசிக்கு உறவான மரப்பாசிகளும் இதற்கு மேய்ச்சல். மரத்துக்குச் சேதமில்லை. விட்டுவிடுங்கள்.

வீட்டுக்குள் இருந்தால் புத்தகப் பேன், மரத்தில் இருந்தால் பட்டைப் பேன் என்பது நம் வசதிக்கான பிரிவு. பூச்சியியலார் உணர்கொம்பின் கணுக்களையும் எண்ணி, இவற்றை மூன்று துணைவரிசைகளாகப் பிரிப்பார்கள். 20க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ட்ரோஜியோமார்ஃபா. 13 என்றால் அநேகமாக சோக்கோமார்ஃபா, பட்டைப் பேன்களில் பெரும்பான்மை இதில் அடங்கும். ட்ரோக்டோமார்ஃபாவுக்கு 12 முதல் 17 வரை. நம் புத்தகப் பேனுக்கு 15.

"பெயரில்தான் பேன், தலைப்பேனுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை" என்று பல ஆண்டுகள் வாடிக்கையாளர்களைத் தேற்றியிருக்கிறேன். மரபணு ஆய்வுகள் என் வாயை அடைத்துவிட்டன. தலைப்பேன் வகையறாவுக்கு மிக நெருங்கிய உறவு இந்தப் புத்தகப் பேன் குடும்பம்தான். எல்லாவற்றையும் இப்போது சோகோடியா என்ற ஒரே வரிசையில் வைக்கிறார்கள்.

இதை மட்டும் நான் ஆசிரியையிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தலையணைகளும் தெருவுக்குப் போயிருக்கும்.