பெயருக்கு ஏது தெளிவுத்திறன்?

இயங்குதளத்தைத் தானியங்கி முறையில் நிறுவும்போது எழும் ‘டெம்பரரி ஃபெயிலியர் இன் நேம் ரெசல்யூஷன்’ என்னும் பிழைச்செய்தியைப் ‘பெயர்த் தெளிவுத்திறனில் தற்காலிகத் தோல்வி’ என்று எழுதுவதை இன்னும் எத்தனை நாள் பொறுப்பது? ஒரு கணினியின் பெயரைக் கொண்டு அதன் எண் முகவரியை (ஐபி) இப்போதைக்குப் பெற முடியவில்லை என்பதே அச்செய்தியின் பொருள். தெளிவுத்திறன் படத்துக்கும் திரைக்கும் உரிய சொல். புள்ளிகளின் அடர்த்தியைக் குறிப்பது. கணினிக்கு வலையில் வழங்கும் களப்பெயரிலும் புள்ளிகள் உண்டுதான், ஆனால் அவை வேறு புள்ளிகள்.

‘ரெசல்யூஷன்’ என்னும் மூலச்சொல்லின் வேர் கட்டவிழ்த்தலைக் குறிக்கும் லத்தீன் வினை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் இணைய நுட்ப ஆவண வரிசையான ஆர்எஃப்சியின் 882, 883 ஆவணங்களில், பெயர்களை முகவரிகளோடு இணைக்கும் டிஎன்எஸ் அமைப்பை வரையறுத்தபோது, பெயர் வழங்கிகளிடம் (நேம்சர்வர்) கேட்டு விடை பெற்றுத் தரும் நிரலுக்கு ‘ரிசால்வர்’ என்ற பெயர் அமைந்தது.

‘பெயர்த் தீர்மானம்’ என்பாரும் உளர். தீர்மானம் பேரவையில் நிறைவேறுவது. இங்கோ எவரும் எதையும் முடிவு செய்வதில்லை, ஏற்கெனவே பதிவாகியுள்ள முகவரியைக் கேட்டுப் பெறுகிறோம், அவ்வளவே. ‘பெயர்ப் பகுப்பு’ சற்றே மேல், ஏனெனில் புள்ளிதோறும் பிரிந்த பெயரை வலக்கோடியிலிருந்து மூல வழங்கி தொடங்கிப் படிப்படியாகத் தேடுவது உண்மை. ஆயினும் அந்த வேலை வழங்கியின் உள்ளே நடப்பது, இயங்குதளத்தை நிறுவும் நிரலோ தனக்குச் சொல்லப்பட்ட வழங்கியிடம் ஒரு கேள்வி கேட்பதோடு சரி. ‘பெயரறிதல்’ காதுக்கு இனிது, பொருளுக்குத் தலைகீழ்: பெயரைத்தான் கிக்ஸ்டார்ட் கோப்பில் (ரெட் ஹாட் வகை லினக்ஸைத் தானாக நிறுவ விடைகளை முன்கூட்டியே எழுதிவைக்கும் கோப்பு) நாமே எழுதியிருக்கிறோமே, அறியாதது முகவரி அல்லவா? வெறும் ‘முகவரி காணல்’ எனச் சுருக்கினால் ஐபிக்குரிய வன்பொருள் முகவரியைத் தேடும் ஏஆர்பி செய்யும் வேலையோடு குழம்பும். ஆகவே, நீளமானாலும், ‘பெயர்வழி முகவரி காணல்’ என்பதே என் தேர்வு.

பிழைச்செய்தியிலோ பெயர்ச்சொல்லே வேண்டாம். ‘இப்பெயருக்குரிய முகவரியைப் பெற இயலவில்லை, பெயர் வழங்கியிடமிருந்து விடை இல்லை’ என்று வினையாகவே சொல்லலாம். ‘தற்காலிகத் தோல்வி’ என்பதை நம்பிக் காத்திருப்பவர் விடியும்வரை காத்திருப்பார். ஏனெனில் கிக்ஸ்டார்டின் நெட்வொர்க் வரியில் நிலையான ஐபி கொடுத்து நேம்சர்வரை விட்டுவிட்டால், மென்பொருள் பொதிகள் இருக்கும் வழங்கியின் ஐபிக்குப் பிங் (எதிர்க்கணினி எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், அதன் பெயருக்குப் போகாது, பெயர் வழங்கிகளின் முகவரிகளைக் கொண்டிருக்க வேண்டிய ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திறந்தால் வெறுமையாக இருக்கும். டெபியன் லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் பிரிசீடிலும் இதே வம்பு உண்டு: பிரிசீட் கோப்பையே வலைவழி இறக்கினால், அதிலுள்ள பிணைய அமைப்பு வரிகள் காலம் கடந்தே வந்து சேர்கின்றன, அவற்றைக் கெர்னல் (இயங்குதளக் கரு) அளவுருக்களாகத் தொடக்கத்திலேயே தர வேண்டும். சூழல் இன்றிச் சொற்பட்டியலை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவருக்கு இவை எவையும் தெரிய வாய்ப்பில்லை. அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்து ஒட்டிவிடுகிறார், பழுது பார்ப்பவர் அதைப் படித்துவிட்டு ஆங்கிலச் செய்திக்கே திரும்பிவிடுகிறார்.